கணவன், மனைவி, கூட்டாளிகள்: சேர்ந்து தொழில் தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

கல்லடியில் ஒரு பேக்கரி, களுவாஞ்சிக்குடியில் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் அரைக்கும் ஆலை, மருதமுனையில் இரண்டு தறிகளோடு தொடங்கிய நெசவுச்சாலை, அறுகம்பையில் சில அறைகள் மட்டுமே கொண்ட தங்குமிடம் என, இலங்கையின் கிழக்கில் கணவனும் மனைவியும் ஓரிரு கூட்டாளிகளும் சேர்ந்து நடத்தும் தொழில்களுக்குப் பஞ்சமில்லை. இத்தகைய தொழில்கள் சரக்கு விற்காமல் நின்றுபோவதைவிட, தொடக்கத்தில் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்ட இரண்டு கேள்விகளில் சிக்கி நின்றுபோவதே அதிகம் என்பது என் கணிப்பு. தம்பதியை ஒரு பங்காளியாகக் கணக்கிடுவதா, இருவராகக் கணக்கிடுவதா என்பது முதற் கேள்வி. மனைவியின் பெயரில் உள்ள வீடும் வளவும் தொழிலுக்குள் வருகின்றனவா, வெளியே நிற்கின்றனவா என்பது இரண்டாவது. இந்த வழிகாட்டியின் படிகள் அனைத்தும் இவ்விரண்டையும் சுற்றியே அமைந்துள்ளன.

முதற்படி: கணவனும் மனைவியும் தனியாகப் பேசுதல்

கூட்டாளிகளோடு அமர்வதற்கு முன்னர் தம்பதி தமக்குள் பேசி முடிக்க வேண்டியவை சில உண்டு. தொழிலிலிருந்து ஒரு சதமும் எடுக்காமல் வீடு எத்தனை மாதம் ஓடும், நகையை அடகு வைப்பதாயின் எதுவரை வைப்பது, எந்தத் தொகை போனால் தொழிலை நிறுத்திவிடுவது என்பவற்றைத் தாளில் எழுதிக்கொள்வது நல்லது. இருவரும் ஒரே நேரத்தில் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு இறங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒருவர் ஆசிரியராகவோ வேறு அரச உத்தியோகத்தராகவோ இருந்தால் இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். அரச சேவையில் உள்ளவர் வேறு தொழிலில் ஈடுபடுவதற்குத் தாபன விதிக்கோவை கட்டுப்பாடுகளை விதிக்கிறது. ஆதலால் அவருடைய பெயரைப் பங்காளியாகப் பதிவதற்கு முன்னர் திணைக்களத்தில் கேட்டுத் தெளிவுபெற வேண்டும்.

கூட்டாளிகளின் வீட்டாரும் இதே பேச்சைத் தமக்குள் நடத்தியிருக்க வேண்டும். கூட்டாளியின் மனைவிக்குத் தெரியாமல் வந்த முதல், பெரும்பாலும் அவசரமாகத் திரும்பக் கேட்கப்படும் முதலாகவே முடிகிறது.

இரண்டாம் படி: வடிவத்தைத் தெரிவுசெய்தல்

இருவரோ அதற்கு மேற்பட்டோரோ இலாபத்தை நோக்காகக் கொண்டு சேர்ந்து வியாபாரம் செய்தால், எதையும் எழுதாவிட்டாலும் சட்டத்தின் பார்வையில் அது பங்குடைமையாகிவிடும். இலங்கையில் இதற்குப் பொருந்துவது இங்கிலாந்தின் பங்குடைமைச் சட்டமாகும். 1852ஆம் ஆண்டின் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டத்தின் வழியாக அது இங்கு நுழைந்தது. 1890ஆம் ஆண்டின் இங்கிலாந்துப் பங்குடைமைச் சட்டத்தின் விதிகளே இன்றும் நமது களுவாஞ்சிக்குடி ஆலையையும் ஆளுகின்றன. அவ்விதிகளில் மூன்றை நினைவில் வைத்தால் போதும். வேறுவிதமாக உடன்படாவிட்டால் இலாபமும் நட்டமும் எல்லாப் பங்காளிகளுக்கும் சமமாகப் பிரியும், யார் எவ்வளவு முதல் போட்டார் என்பது பார்க்கப்படமாட்டாது. உழைக்கும் பங்காளிக்குத் தனிச் சம்பளம் கிடையாது. தொழிலின் கடனுக்கு ஒவ்வொரு பங்காளியும் தமது சொந்தச் சொத்தாலும் பொறுப்பாளியாவார்.

மற்றொரு வடிவம், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் அமையும் தனியார் வரையறுக்கப்பட்ட கம்பனி. பங்குதாரர் ஒருவர் இருந்தாலே அதைத் தொடங்கலாம். 50 பேர் வரை இருக்கலாம். கம்பனியின் கடன் கம்பனியோடு நின்றுவிடும் என்பது அதன் பெரிய நன்மை. ஆயினும், சிறிய கம்பனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி பணிப்பாளர்களின் தனிப்பட்ட பிணையையும் கேட்பது வழக்கமாதலால், அந்த நன்மையை முழுமையாக நம்பிவிடக் கூடாது. கம்பனிச் செயலாளருக்கும் ஆண்டறிக்கைக்கும் செலவு உண்டு. கூட்டாளிகளில் ஒருவர் உழைக்காமல் முதல் மட்டும் போடுபவராக இருந்தால், அல்லது சரக்குக் கடன் பல இலட்சங்களைத் தாண்டும் தொழிலாக இருந்தால் கம்பனியே பொருத்தமானது. மற்றவர்கள் பங்குடைமையாகத் தொடங்கி, தொழில் நிலைத்தபின் மாறிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: பங்கும் வாக்கும்

சாதாரண விடயங்களைப் பெரும்பான்மையால் தீர்மானிக்கலாம் என்பது மேற்சொன்ன சட்டத்தின் இன்னொரு விதி. தம்பதியும் ஒரு கூட்டாளியும் என மூவர் இருந்தால் அதன் விளைவு என்னவென்று எண்ணிப் பாருங்கள். இரவுச் சாப்பாட்டின்போது கணவனும் மனைவியும் பேசி முடித்ததை மறுநாள் காலையில் கூட்டாளி வந்து கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அவர் எதிர்த்தாலும் இரண்டுக்கு ஒன்று. சில மாதங்கள் கழிந்ததும் அவர் பேசுவதை நிறுத்திவிடுவார். பிறகு வருவதையும் நிறுத்திவிடுவார்.

இதற்குத் தீர்வாக, தீர்மானங்களில் தம்பதிக்கு ஒரே வாக்கு, இலாபத்தில் அவரவர் முதலுக்கும் உழைப்புக்கும் ஏற்பத் தனித்தனிப் பங்கு என்று பிரித்துவிடுவதே சிறந்தது என்பது என் கருத்து. வாக்கையும் பங்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதனால்தான் பல இடங்களில் மனைவியின் பெயரே பதிவில் வராமல் போகிறது. அவர் கணக்கு எழுதுவார், வேலையாட்களுக்குச் சமைத்துப் போடுவார், நகையையும் கொடுப்பார்; ஆயினும் தாளில் அவர் இல்லை. அது கூட்டாளிக்கும் பாதுகாப்பல்ல. தாளில் இல்லாதவர் சொல்லும் முடிவுக்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

பங்கு பிரிப்பதை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். அரைக்கும் ஆலை ஒன்றுக்கு மனைவி 6 இலட்சம் ரூபாவும் கணவன் 3 இலட்சமும் முதலாம் கூட்டாளி 9 இலட்சமும் போடுகிறார்கள். இரண்டாம் கூட்டாளி காசு போடாமல் 6 இலட்சம் பெறுமதியான வாகனத்தைக் கொடுக்கிறார். மொத்த முதல் 24 இலட்சம். கணவனும் இரண்டாம் கூட்டாளியும் முழுநேரமும் மனைவி அரைநேரமும் வேலை செய்கிறார்கள். முதலாம் கூட்டாளி வேலைக்கு வருவதில்லை. ஒரு மாதம் வாடகை, மின்சாரம், கூலி எல்லாம் போக 3,10,000 ரூபா மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதுவும் எழுதாவிட்டால் ஆளுக்கு 77,500 ரூபா. வேலைக்கே வராதவருக்கும் அதுவே. எழுதிவைத்திருந்தால் முதலில் உழைப்புக்கான சம்பளம் கழியும். கணவனுக்கும் இரண்டாம் கூட்டாளிக்கும் 60,000 வீதமும் மனைவிக்கு 40,000 ரூபாவுமாக அது 1,60,000 ஆகிறது. மீதி 1,50,000 ரூபாவில் ஐந்தில் ஒரு பங்கான 30,000 ரூபாவைச் சேமிப்பில் வைத்து, எஞ்சிய 1,20,000 ரூபாவை முதலின் விகிதப்படி பிரித்தால் மனைவிக்கு 30,000, கணவனுக்கு 15,000, முதலாம் கூட்டாளிக்கு 45,000, இரண்டாம் கூட்டாளிக்கு 30,000 கிடைக்கும். இந்தக் கணக்கை நால்வரும் அமர்ந்து, நல்ல மாதம், கெட்ட மாதம், நட்டமான மாதம் என மூன்று விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். நட்டமான மாதத்தில் சம்பளம் யாருக்கு முதலில் நிற்கும் என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

வாகனம்போன்ற பொருளை முதலாகக் கொடுத்தால் அது தொழிலுக்குச் சொந்தமாகிறதா, பாவனைக்கு மட்டும் கொடுக்கப்பட்டதா என்பதையும் எழுத வேண்டும். பதிவுப் புத்தகம் ஒருவர் பெயரிலும் டயர் மாற்றும் செலவு இன்னொருவர் தலையிலும் இருப்பது நெடுநாள் நிலைக்காது.

நான்காம் படி: வீடும் வளவும்

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் பெண்ணுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பதும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் வழக்கம். ஆகவே கடை போடும் முன்வளவும், வங்கி ஈடாகக் கேட்கும் காணி உறுதியும் பெரும்பாலும் மனைவியினுடையவை. கூட்டாளிகளோ கணவனின் கூட்டாளிகள். தொழில் நொடித்தால் கணவன் முகத்தை இழப்பார், கூட்டாளி முதலை இழப்பார், மனைவி கூரையை இழப்பார். இந்த ஏற்றத்தாழ்வைப் பேசாமல் எந்தப் பங்கும் நியாயமாகாது.

சட்டநிலை தெளிவானது. யாழ்ப்பாணத் தேசவழமை கிழக்கு மக்களை ஆளுவதில்லை. தேசவழமையின் கீழ் மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவைப்படுவதுபோல் இங்கு தேவையில்லை. 1923ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டத்தின்படி மனைவியின் சொத்து மனைவியின் தனிச்சொத்து. முஸ்லிம் பெண்ணின் சொத்தும் அவருக்கே உரியது. கையொப்பமிடும் அதிகாரம் அவருடையதாயின், ‘இதில ஒரு கையெழுத்துப் போட்டு விடு’ என்று தாளை நீட்டுவதோடு விடயத்தை முடித்துவிட முடியாது.

பின்வரும் ஒழுங்கைப் பரிந்துரைக்கிறேன். கடை மனைவியின் வளவில் இருந்தால், அந்த இடம் தொழிலின் முதலல்ல, தொழிலுக்கு வாடகைக்கு விடப்பட்ட இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை சிறிதாக இருந்தாலும் மாதாமாதம் மனைவியின் கணக்குக்குப் போகட்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லுபடியாகும் என்பதால் வீட்டுக் கொப்பியில் எழுதி ஒப்பமிட்டுக்கொள்வது போதாது. கூட்டாளிகளின் காசில் அந்த வளவில் கட்டடமோ கூரையோ போடுவதாயின், தொழில் கலையும்போது அதன் பெறுமதி யாருக்கு, எந்த விகிதத்தில் என்பதையும் அதே உறுதியில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டாளி தான் போட்ட தகரத்தைக் கழற்றிக்கொண்டு போகவும் முடியாது, அதற்குக் காசு கேட்கவும் முடியாது என்ற நிலை வரக்கூடாது.

வீட்டை வங்கிக்கு ஈடு வைக்காமல் தொழிலைத் தொடங்க முடியுமானால் அப்படியே தொடங்குங்கள். ஈடு வைத்தே ஆகவேண்டுமென்றால் மூன்று விடயங்களைச் செய்ய வேண்டும். மனைவி பதிவுபெற்ற பங்காளியாக இருக்க வேண்டும். கடன் தொகைக்கு உச்சவரம்பு எழுதப்பட வேண்டும். கடன் தீராமல் வீடு ஏலத்துக்குப் போனால், கூட்டாளிகள் தத்தம் பங்கின் விகிதப்படி மனைவிக்கு இழப்பீடு கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்ற வாசகம் உடன்படிக்கையில் இடம்பெற வேண்டும். இந்த வாசகத்தைக் கேட்டதும் பின்வாங்கும் கூட்டாளி, தொழில் நொடித்தபின் என்ன செய்வார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறார்.

உறுதியையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பெற்றோர், தாம் வாழும்வரை அனுபவிக்கும் உரிமையான சீவிய உரித்தை வைத்துக்கொண்டு மகளுக்கு எழுதிய சீதன உறுதிகள் நம்மிடையே அதிகம்; அவர்களுடைய சம்மதமின்றி வங்கி அசையாது. கல்லோயாக் குடியேற்றப் பகுதிகளைப்போல் அரச அனுமதிப்பத்திரத்தில் உள்ள காணியாயின், அதைத் தனியார் உறுதிக் காணிபோல் எண்ணியபடி ஈடு வைக்க இயலாது. முதலில் போகவேண்டிய இடம் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு.

ஐந்தாம் படி: உடன்படிக்கை எழுதுதல்

1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட முதலைக் கொண்ட பங்குடைமையை நிறுவும் உடன்படிக்கை எழுத்தில் இருந்து ஒப்பமிடப்பட்டிருக்க வேண்டும். இன்றைக்கு 1,000 ரூபாவில் தேநீர்க்கடைகூடப் போட முடியாது. ஆகவே எல்லோருக்கும் எழுத்து கட்டாயம். இதற்கு நொத்தாரிசு அவசியமில்லை. ஆயினும் ஒரு சட்டத்தரணியைக் கொண்டு எழுதுவிப்பதற்கான செலவைச் சேமிக்க வேண்டாம். நால்வருக்கும் ஒரே சட்டத்தரணி போதும் என்றாலும், வீட்டை ஈடு வைப்பவர் வேறொருவரிடம் ஒருமுறை காட்டிப் பார்ப்பது தப்பில்லை.

முதல், சம்பளம், இலாபப் பங்கு, வாக்கு, காசோலையில் யார் ஒப்பமிடுவது என்பவற்றை எல்லோரும் எழுதுகிறார்கள். விட்டுவிடுவது வெளியேற்றத்தைத்தான். நமது பிரதேசத்தில் அது நான்கு வழிகளில் வருகிறது. முதலாவது, கூட்டாளிக்குக் கட்டாருக்கோ சவூதிக்கோ விசா வருவது. வெளிநாடு போனவர் முதல் மட்டும் போட்ட பங்காளியாகத் தொடரலாமா, எத்தனை மாத முன்னறிவித்தலில் முதலைத் திரும்பப் பெறலாம், ஒரேயடியாகவா தவணையாகவா என்பவற்றை எழுதுங்கள். காலம் குறிப்பிடாத பங்குடைமையை எந்தப் பங்காளியும் அறிவித்தல் கொடுத்துக் கலைத்துவிடலாம் என்பதை மறக்கக் கூடாது. இரண்டாவது, மரணம். வேறுவிதமாக எழுதாவிட்டால் ஒரு பங்காளியின் மரணத்தோடு பங்குடைமை கலைந்துவிடும். இறந்தவர் தமிழராயின், மரணசாசனம் இல்லாவிட்டால், அவருடைய சொத்தில் பாதி வாழ்க்கைத்துணைக்கும் மீதி பிள்ளைகளுக்கும் சேரும். முஸ்லிமாயின் இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டப்படி பெற்றோர் உட்பட மேலும் சிலர் வாரிசுகளாகலாம். மீதிப் பங்காளிகள் தொழிலைத் தொடர்ந்து நடத்தி, இறந்தவரின் பங்கைக் குறித்த காலத்துக்குள் தவணையாக வாரிசுகளுக்குக் கொடுக்கலாம் என்று எழுதிவைத்தால் ஆலை நிற்காது. மூன்றாவது, தனியாகத் தொழில் தொடங்க விரும்பிப் பிரிவது. நான்காவதை வாயால் சொல்ல எவருக்கும் பிடிப்பதில்லை: கணவனும் மனைவியும் பிரிந்துவிடுவது. அப்போது யார் தொழிலில் தொடர்வார், இடத்தின் குத்தகை நீடிக்குமா, வெளியேறுபவரின் பங்கை யார் வாங்குவார் என்று எழுதச் சொல்லிக் கூட்டாளி கேட்டால் அதை அபசகுனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தம்பதி தாங்களாகவே அந்தப் பந்தியை எழுதிக்கொண்டு வருவது இன்னும் நல்லது.

தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடத்தும் தொழிலாயின், வட்டிக் கடன் எடுப்பதா இல்லையா என்பதைத் தொடக்கத்திலேயே பேசி முடியுங்கள். இலாபத்தைப் பங்கிடும் முறையில் நிதி வழங்கும் ஏற்பாடுகள் உண்டு. வட்டி வேண்டாம் என்பவர் பிற்பாடு வட்டிக் கடனில் ஒப்பமிட நிர்ப்பந்திக்கப்படுவதைத் தவிர்க்கலாம். ஜும்ஆவுக்கும் நோன்புகாலத்துக்கும் ஆலயத் திருவிழாவுக்கும் கண்ணகி அம்மன் திருக்குளிர்த்திக்கும் யார் கடையைப் பார்ப்பது என்ற ஒழுங்கு தானாகவே அமைந்துவிடும்; உண்மையில், ஒரு பகுதியார் விடுமுறை எடுக்கும்போது மற்றவர் நிற்பது இத்தகைய கூட்டின் பெரிய வசதி.

ஆறாம் படி: பதிவுகள்

பங்காளிகளின் உண்மைப் பெயர்கள் அல்லாத வேறு பெயரில் தொழில் நடத்தினால் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். விண்ணப்பம் பிரதேச செயலகத்தின் ஊடாக நடைபெறும். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் இடத்துக்கான உறுதியையோ குத்தகையையோ கேட்பார்கள். வியாபார உரிமத்தை உங்கள் இடத்துக்குரிய மாநகர சபையிலோ நகர சபையிலோ பிரதேச சபையிலோ பெற வேண்டும். உணவுத் தொழிலாயின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இடத்தைப் பார்ப்பார். வேலையாள் ஒருவரை வைத்தாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய சம்பளத்திலிருந்து 8 வீதமும் தொழில் தருநர் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில் தருநர் மேலும் 3 வீதமும் செலுத்த வேண்டும். வேலையாள் மச்சினனாக இருந்தாலும் இதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். உறவுக்காரர்தான் பின்னர் தொழிற் திணைக்களத்துக்குப் போகும்போது அதிகம் வலிக்கும்.

வங்கிக் கணக்கைத் தொழிலின் பெயரில் திறந்து, இருவர் சேர்ந்து ஒப்பமிட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று அறிவுறுத்துங்கள். அந்த இருவர் கணவனும் மனைவியுமாக இருக்கக் கூடாது. தம்பதியில் ஒருவர், கூட்டாளிகளில் ஒருவர் என்பதே சரியான ஒழுங்கு.

ஏழாம் படி: நாளாந்தக் கணக்கு

வீட்டோடு ஒட்டிய கடையில் பணம் களவு போவதில்லை, கசிந்து போகிறது. பிள்ளைக்கு ரியூசன் காசு லாச்சியிலிருந்து எடுக்கப்படும். பின்னேரம் ஒரு கிலோ மிளகாய்த்தூள் மாமி வீட்டுக்குப் போகும். கூட்டாளி தன் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் அடித்த பற்றுச்சீட்டை லாச்சியில் போட்டுவிட்டுப் போவார். இவற்றில் எதுவும் பெரிதல்ல. ஆனால் ஒருவர் எடுப்பதை மற்றவர் பார்த்துக்கொண்டே இருப்பார்; சொல்லமாட்டார்.

ஆகவே லாச்சிக்குள் ஒரு சிறிய கொப்பியை வையுங்கள். திகதி, பெயர், பொருள் அல்லது தொகை, ஒப்பம் என நான்கு நிரல்கள் போதும். ‘12ஆம் திகதி, மிளகாய்த்தூள் 1 கிலோ, வீட்டுப் பற்று’ என்று மனைவியே எழுதி ஒப்பமிட வேண்டும். பொருளை விற்பனை விலையில் போடாமல் அடக்கவிலையில் போடுவது நியாயம். மாதமுடிவில் ஒவ்வொருவரின் பற்றும் அவரவர் சம்பளத்திலிருந்து கழியும். முதல் மாதத்தில் இது சில்லறைத்தனமாகத் தோன்றும். அடுத்த மாதங்களில் எவரும் கொப்பியைப் பற்றிப் பேசவேமாட்டார்கள்.

கடன் கொப்பி வேறு விடயம். நெற்செய்கைக் கிராமங்களில் ‘வெள்ளாமை வெட்டித் தாறன்’ என்று கேட்கும் கடனை மறுத்து வியாபாரம் நடத்த முடியாது. பெரும்போக அறுவடை மாசி, பங்குனி மாதங்களிலும் சிறுபோகம் ஆடி, ஆவணியிலும் கைக்குக் காசைக் கொண்டுவரும். இடையில் கார்த்திகை, மார்கழி மழை, கையை இறுக்கும். அறுகம்பையிலோ சுற்றுலாப் பருவம் ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை. உங்கள் தொழிலின் காசு எந்த மாதம் வருகிறது என்பதைப் பார்த்து, ஒவ்வொரு பங்காளியும் தன் சொந்தத் தெரிந்தவருக்குக் கொடுக்கக்கூடிய கடனுக்கு ஓர் எல்லை வையுங்கள். எல்லையைத் தாண்டிக் கொடுத்த கடன் திரும்பாவிட்டால் அது கொடுத்த பங்காளியின் பற்றில் ஏறும். 2024 நவம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்குச் சரக்கைக் காப்புறுதி செய்யச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எட்டாம் படி: கூட்டமும் வீடும்

மாதத்தில் ஒரு நாள் கணக்கைத் திறந்துவைத்து எல்லோரும் அமர வேண்டும். வீட்டு விறாந்தையில் வேண்டாம்; அங்கு மனைவி தேநீர் போட எழுந்து போவார், முக்கியமான முடிவு அப்போதுதான் எடுக்கப்படும். கடையைப் பூட்டிவிட்டு உள்ளேயே அமருங்கள். கூட்டத்தில் எழுதப்படாத எதுவும் தீர்மானமல்ல என்ற விதியைத் தம்பதி தம்மீதே கடுமையாகப் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் பேசலாம், யோசிக்கலாம். ஆனால் சரக்கு ஓடர் கொடுப்பதும் ஆளை நிறுத்துவதும் கூட்டத்துக்குப் பின்னரே. தம்பதிக்குள் கருத்து வேறுபட்டால் அதைக் கூட்டாளி முன்னிலையில் மறைக்கவும் வேண்டாம், அவரை நடுவராக்கவும் வேண்டாம். ஒரே வாக்கு என்பதால் அவர்கள் உடன்படும்வரை அந்த வாக்கு இல்லாததாகவே கருதப்படும்.

ஒன்பதாம் படி: பிணக்கும் கலைப்பும்

பிணக்கு வந்தால் ஆலய நிருவாகியான வண்ணக்கரிடமோ பள்ளிவாசல் நிருவாகத்திடமோ ஊர்ப் பெரியவரிடமோ போவது நம் வழக்கம். அது பலிக்கும் இடங்களும் உண்டு. பலிக்காவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கு எட்டப்படும் இணக்கம் எழுத்தில் வரும். பெரியவர் முன் இணங்கினாலும் அதையும் தாளில் எழுதி ஒப்பமிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பங்காளி விலகினால் பிரதேச செயலகப் பதிவில் அவர் பெயரை நீக்கி, சரக்குக் கொடுப்பவர்கள் அனைவருக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால், அவர் இன்னும் இருக்கிறார் என்று நம்பிக் கடன் கொடுத்தவர்களுக்கு விலகியவரும் பொறுப்பாளியாகலாம். முழுமையாகக் கலைப்பதாயின் சொத்துகளை விற்றுவரும் பணத்தில் முதலில் வெளியார் கடனும் வேலையாட்களின் நிலுவையும், அடுத்து பங்காளிகள் முதலுக்கு மேலதிகமாகத் தொழிலுக்குக் கைமாற்றாகக் கொடுத்ததும், அதன் பின்னர் அவரவர் முதலும் கொடுக்கப்படும். மிஞ்சினால் இலாப விகிதப்படி பிரிக்கப்படும். வங்கி ஈட்டை விடுவித்த ஆவணம் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதை உறுதிசெய்தபின் மனைவி அதன் பிரதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். எழுதாத காசோலைத் தாள்களை வங்கியில் ஒப்படைத்துக் கணக்கை மூடுவதைக் கடைசியில் செய்யுங்கள், ஏனெனில் பின்திகதியிட்ட காசோலைகள் வந்து தீரும்வரை அது திறந்திருக்க வேண்டும்.